மெலிந்த விரால், பெருகும் திலேப்பியா: குளத்தைச் சமன்செய்ய எந்த வழி?

சொந்தக் குளத்தில் விராலோ கொடுவாவோ விட்டிருப்பவர்கள் என்னிடம் கேட்பது ஏறத்தாழ ஒரே கேள்விதான்: "இன்னும் கொஞ்சம் இரைமீன் வாங்கி விடட்டுமா, இல்லை தீவனம் போடட்டுமா?" ஆனால் குளங்கள் ஒரே மாதிரி இருப்பதில்லை. ஒருவர் குளத்தில் விரால் எல்லாம் தலை பெருத்து, உடம்பு ஒட்டிப்போய் நிற்கிறது. இன்னொருவர் குளத்தில் விரால் கொழுத்திருக்கிறது, ஆனால் விரல் விட்டு எண்ணும் அளவில்தான் இருக்கிறது. மீதித் தண்ணீர் முழுக்க உள்ளங்கை அளவைத் தாண்டாத திலேப்பியா. முதல்வருக்கு இரை போதவில்லை. இரண்டாமவருக்கு இரை மிஞ்சிக் கிடக்கிறது. இருவரும் ஒரே பதிலைக் கேட்டுக்கொண்டு போனால் ஒருவருடைய குளம் இன்னும் கெட்டுப்போகும்.

கைவசம் உள்ள வழிகள் நான்கு: குளத்திலேயே பெருகும் இரைமீனை வைத்துக்கொள்வது, வெளியிலிருந்து வாங்கி விடுவது, தீவனம் போடுவது, மீனைப் பிடித்துக் குறைப்பது. எதை எடுப்பது என்று பார்க்கும் முன் எதை வைத்து அளப்பது என்று தெளிவாக வேண்டும்.

## எதை வைத்து அளப்பது

வாயின் அளவு. குளத்தில் எத்தனை இரைமீன் இருக்கிறது என்பதைவிட, அதில் எத்தனை உங்கள் வேட்டைமீனின் வாய்க்குள் போகும் என்பதுதான் முக்கியம். அமெரிக்கக் குளங்களில் வேட்டைமீனாக வைக்கும் லார்ஜ்மவுத் பாஸ், அங்கே அதற்கு இரையாகும் ப்ளூகில் மீனில் தன் நீளத்தில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரையுள்ளதைத்தான் சிரமமில்லாமல் விழுங்கும். ப்ளூகில்லும் திலேப்பியாவும் உடல் அகலமானவை, முதுகில் முள் உள்ளவை. கெண்டைப் பொடி போன்ற ஒல்லி மீன் என்றால் அதே வேட்டைமீன் இன்னும் நீளமானதையும் விழுங்கிவிடும். ஆகவே 30 செ.மீ. விரால் நிறைந்த குளத்தில் 15 செ.மீ. திலேப்பியா ஆயிரம் இருந்தாலும் அந்த விராலுக்கு அது பட்டினிதான். திலேப்பியா அங்கே இரையாக இல்லை, இடத்துக்கும் ஆக்சிஜனுக்கும் போட்டியாக இருக்கிறது.

கணக்கு. வேட்டைமீன் ஒரு கிலோ எடை கூட, 5 முதல் 10 கிலோ வரை இரைமீன் வேண்டும். 50 வேட்டைமீன்கள் ஆளுக்கு அரைக் கிலோ ஏற வேண்டும் என்றால் மொத்தம் 25 கிலோ வளர்ச்சி. அதற்கு 125 முதல் 250 கிலோ இரைமீன் தேவை. இந்தக் கணக்கை ஒருமுறை தாளில் போட்டுப் பார்த்தவர், இரண்டு பை குஞ்சு வாங்கி விட்டால் சரியாகிவிடும் என்று நினைக்கமாட்டார்.

உங்கள் ஆசை. நிறைய நடுத்தர மீன் வேண்டுமா, கொஞ்சம் பெரிய மீன் வேண்டுமா? ஒரே குளத்தில் இரண்டும் கிடைக்காது. பெரிய மீன் வேண்டும் என்பவர் வேட்டைமீனை எப்போதும் குறைவாகவே வைத்திருக்க வேண்டும்.

குளத்தின் அளவும் உங்கள் கையும். அரை ஏக்கருக்குக் கீழே உள்ள குட்டையில் தானாகவே சமநிலை நிற்பது கடினம். பத்து மீன் கூடினாலும் குறைந்தாலும் தராசு சாய்ந்துவிடும். அதோடு இழுவலை போட ஆள் இருக்கிறதா, வலை ஓடும்படி அடித்தரை கட்டையும் கல்லும் இல்லாமல் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். வலை ஓடாத குளத்தில் பாதி வழிகள் அடைபட்டுவிடும்.

இந்தச் சமநிலை என்ற எண்ணத்துக்கு முறையான அளவு கொடுத்தவர் அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தின் ஆபர்னில் பல்லாண்டுகள் குளங்களை ஆராய்ந்த ஹோமர் ஸ்விங்கிள். 1950இல் வெளியான ஆய்வில், குளத்திலுள்ள இரைமீனின் மொத்த எடையை வேட்டைமீனின் மொத்த எடையால் வகுத்துப் பார்த்தார். 3 முதல் 6 வரை வரும் குளங்களே நல்ல சமநிலையில் இருந்தன. அவருடைய குளங்களில் இருந்தவை பெரும்பாலும் பாஸும் ப்ளூகில்லும்தான். விரால், திலேப்பியா குளத்துக்கு அந்த எண்ணை அப்படியே எடுத்து ஒட்ட முடியாது. ஆனால் எடையை எடையோடு ஒப்பிட வேண்டும், தலையை எண்ணக் கூடாது என்ற பாடம் எந்தக் குளத்துக்கும் பொருந்தும்.

## உங்கள் குளம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது

ஆய்வாளர்போல் குளத்தை வற்றவைத்து எடை போட நம்மால் முடியாது. ஸ்விங்கிளே காட்டிய எளிய வழி கரையோர வலை. மீன் இனம்பெருக்கும் பருவம் முடிந்தபின், கண்ணி நெருக்கமான சிறு வலையைக் கரையோரம் நாலைந்து இடங்களில் இழுத்துப் பாருங்கள்.

| வலையில் வருவது | அதன் பொருள் |
|---|---|
| இரைமீன் குஞ்சு நிறைய, நடுத்தர அளவு கொஞ்சம், வேட்டைமீன் குஞ்சும் சில | சமநிலை. கை வைக்காதீர்கள் |
| நடுத்தர இரைமீன் குவியலாக, அந்த ஆண்டின் குஞ்சு சொற்பம், வேட்டைமீன் குஞ்சு இல்லை | இரைமீன் நெரிசல் |
| நடுத்தர இரைமீனே இல்லை, குஞ்சு ஓரளவு, அங்கங்கே பெரிய இரைமீன் | வேட்டைமீன் நெரிசல் |
| எந்த மீனின் குஞ்சும் இல்லை | முதலில் தண்ணீரைச் சோதியுங்கள் |

கொடுவா வைத்திருப்பவர்கள் வேட்டைமீன் குஞ்சைத் தேட வேண்டாம். காரணம் பின்னால் வருகிறது. அப்புறம், தூண்டிலில் வரும் மீனின் உடம்பையும் பாருங்கள். தலை பெரிதாகவும் வயிறு உள்வாங்கியும் இருந்தால் வலை சொன்னதை உறுதிசெய்துகொள்ளலாம்.

## வழி 1: குளத்திலேயே பெருகும் இரைமீன்

சரியாக அமைந்தால் இதைவிட நல்ல வழி இல்லை. பாசியையும் புழுபூச்சியையும் தின்று இரைமீன் பெருகும், அதைத் தின்று வேட்டைமீன் வளரும். திலேப்பியாவில் பெண் மூன்று நான்கு மாதத்திலேயே முட்டையிடத் தொடங்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் நாலு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை மறுபடியும் முட்டையிடும். குளங்களில் பரவலாக உள்ள திலேப்பியா வகைகளில் தாய் முட்டையையும் குஞ்சையும் வாயிலேயே அடைகாப்பதால் குஞ்சு தப்பிப் பிழைப்பதும் அதிகம். இரையாக இருக்க இதுவே தகுதி. வேட்டைமீன் போதாத குளத்தை இது மூடிவிடுவதற்கும் இதுவே காரணம்.

இங்கே மூன்று இடத்தில் ஏமாறுகிறார்கள்.

முதலாவது, ஆண்மீன் மட்டுமே உள்ள திலேப்பியாக் குஞ்சை வாங்கிவிடுவது. மீன் வளர்ப்புக்கென்று விற்கும் குஞ்சு பல நேரம் இப்படித்தான் இருக்கும், ஏனென்றால் பெருகாத மீன்தான் வேகமாக எடை ஏறும். எடைக்கு வளர்ப்பவருக்கு அது நல்லது. இரைக்கு வளர்ப்பவருக்கு அதனால் ஒரு குஞ்சுகூடக் கிடைக்காது. வாங்கும்போதே ஆண் பெண் கலந்ததா என்று கேட்டுவிடுங்கள்.

இரண்டாவது, கட்லாவையும் ரோகுவையும் இரையாக நினைப்பது. அவை தேங்கிய குளத்தில் இனம்பெருக்குவதில்லை. விட்ட குஞ்சில் சில விராலின் வாய்க்குப் போகும், மீதி அந்த வாயைத் தாண்டி வளர்ந்துவிடும். அதோடு சரி. ஒரே குளத்தில் ரோகுவும் வேண்டும் என்றால் விராலின் வாய்க்கு அடங்காத அளவு வளர்ந்தபின் விடுங்கள்.

மூன்றாவது, வரிசை. இதை நான் சொந்த இழப்பில் கற்றேன். என் முதல் குட்டையில் விரால் விரலிகளையும் (விரல் நீளக் குஞ்சுகள்) திலேப்பியா விரலிகளையும் ஒரே வாரத்தில், ஒரே அளவில் விட்டேன். இரண்டும் சேர்ந்து வளர்ந்தன. முதல் மூன்று மாதம் ஒரு திலேப்பியாகூட விராலின் வாய்க்கு அடங்கவில்லை, அவை குஞ்சு பொரிக்கவும் தொடங்கவில்லை. பசித்த விரால் தன் கூடப் பிறந்ததைத் தின்றது. வலை போட்டபோது விட்டதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அதன்பின் திலேப்பியா பெருகத் தொடங்கியது, தின்ன விரால் இல்லை. இரண்டாம் ஆண்டு அது வெறும் திலேப்பியாக் குட்டை.

இப்போது நான் செய்வது: முட்டையிடும் வயதுள்ள திலேப்பியாவை முதலில் விடுகிறேன். கரையோரத்தில் குஞ்சுக் கூட்டம் கண்ணில் பட்டபின்தான் வேட்டைமீன் விரலிகள், அதுவும் அளவு பிரித்து, ஒரே அளவாக. பாஸ் குளங்களில் பழக்கமான முறையும் இதேதான்: ஒரு பருவத்தில் ப்ளூகில், அது இனம்பெருக்கும் அடுத்த பருவத்தில் பாஸ், பத்துக்கு ஒன்று என்ற கணக்கில்.

கண்ணுக்குத் தெரியாத செலவு: தண்ணீர் சுமார் 10 முதல் 12 டிகிரி செல்சியஸுக்கு இறங்கினால் திலேப்பியா செத்துவிடும். குளிர்காலம் உள்ள இடத்தில் ஆண்டுதோறும் புதிதாகத் தொடங்க வேண்டியிருக்கும். வெள்ளத்தில் தப்பினால் அக்கம்பக்கத்து நீர்நிலைகளை அது ஆக்கிரமித்துவிடும். ஆகவே வடிகாலில் வலைத்தடுப்பு கட்டாயம். திலேப்பியா வளர்க்க அனுமதி கேட்கும் நாடுகளும் உண்டு. விடும் முன் உங்கள் பகுதி மீன்வளத் துறையிடம் கேளுங்கள், விட்டபின் திரும்ப எடுக்க முடியாது.

எங்கே இது சிறந்தது: அரை ஏக்கருக்கு மேல், வெதுவெதுப்பான தண்ணீர், வலை ஓடும் அடித்தரை.

## வழி 2: வாங்கி விடுவது

மேலே போட்ட கணக்கை இங்கே பொருத்திப் பாருங்கள். ஒரு ஏக்கர் குளத்துக்கு ஆண்டு முழுக்க வெளியிலிருந்து இரை கொடுப்பது பெரும்பாலானவர்களால் தாங்க முடியாத செலவு. பத்து சென்ட் குட்டையில் ஐந்தாறு வேட்டைமீன் என்றால் தாங்கும்.

இன்னொரு செலவு நோய். புதுமீனோடு மீன் பேன், நங்கூரப் புழு போன்ற ஒட்டுண்ணிகளும் வரும். கூடவே நீங்கள் கேட்காத இனமும் கலந்து வரும். தனித் தொட்டியில் இரண்டு வாரமாவது வைத்துப் பார்த்துவிட்டு விடுவது நல்லது. ஒல்லியான சிறு மீன்களை விட்டால் சில வாரங்களில் அத்தனையும் காலியாகிவிடும். அவை குளத்தில் நிலைத்துப் பெருகும் என்று எண்ணி விட வேண்டாம்.

இதற்கும் வழி 1க்கும் நடுவே ஒன்று இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்: பக்கத்தில் இரைக்கென்றே ஒரு தனிக் குட்டை. பெரிய குளத்தில் பத்தில் ஒரு பங்கு பரப்பு போதும், வேட்டைமீன் அதில் கிடையாது. திலேப்பியாவோ கெண்டைப் பொடியோ அதில் பெருகட்டும். சில வாரத்துக்கு ஒருமுறை வலை போட்டு, வாய்க்கு அடங்கும் அளவை மட்டும் பெரிய குளத்தில் விடுங்கள், பெரியதைத் திருப்பி விடுங்கள். நோய் பயம் குறையும், அளவு உங்கள் கையில் இருக்கும். வேலை கொஞ்சம் கூடுதல்தான். ஆனால் விரால் எப்படி மெலிகிறது, எப்படித் தேறுகிறது என்று வாரம்தோறும் பார்க்கக் கிடைப்பது இதில்தான். இடமிருப்பவர்கள் தயங்காமல் செய்யலாம்.

எங்கே இது சிறந்தது: சிறு குட்டை, குறைவான வேட்டைமீன், அல்லது ஆக்சிஜன் குறைந்து இரைமீன் செத்துப்போன குளத்தை மீட்கும்போது.

## வழி 3: தீவனம்

மிதக்கும் தீவனத்துக்குப் பழகிய வேட்டைமீன், ஒன்றரை இரண்டு கிலோ தீவனத்திலேயே ஒரு கிலோ எடை ஏறும். இரைமீன் ஐந்து பத்து கிலோ வேண்டியிருக்கும்போது இது எப்படி? தண்ணீர்தான் காரணம். ஒரு கிலோ மீனில் முக்கால் கிலோ தண்ணீர். ஒரு கிலோ உலர் தீவனத்தில் நூறு கிராம் அளவுதான். மீதியெல்லாம் சத்து.

விரால், கொடுவா, பாஸ் மூன்றையும் தீவனத்துக்குப் பழக்கலாம். ஆனால் சிறு வயதில், தொட்டியில், நெருக்கமாக வைத்துப் பழக்க வேண்டும். குளத்தில் உயிர் இரை தின்று வளர்ந்த பெரிய விரால் மிதக்கும் உருண்டையைத் திரும்பிப் பார்ப்பது அரிது. ஆகவே ஏற்கெனவே விட்ட மீனுக்கு இந்த வழி பெரும்பாலும் கிடையாது. அடுத்த முறை விரலி வாங்கும்போது பழக்கப்பட்டதாகக் கேட்டு வாங்கலாம்.

இரைமீனுக்குத் தீவனம் போட்டால் அது பெருகி வேட்டைமீனுக்கு இரை கூடும் என்று செய்பவர்களும் உண்டு. பலன் உண்டு, ஆனால் போடும் தீவனத்தில் பெரும்பங்கை வாய்க்கு அடங்காத பெரிய திலேப்பியாதான் தின்னும். அவற்றைப் பிடித்து எடுக்கிறவருக்கு மட்டும் இது கட்டுப்படியாகும்.

இதன் மறைமுகச் செலவுதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. தீவனம் போட்ட குளம் பாசி பெருகிப் பச்சையாகும். மேகமூட்டமான நாட்களுக்குப் பின் விடியற்காலையில் ஆக்சிஜன் அடிமட்டத்துக்குப் போகும். விரால் மேலே வந்து காற்றைச் சுவாசிக்கும் மீன், பிழைத்துவிடும். சாவது இரைமீன். ஒரே இரவில் நீங்கள் ஓராண்டு கட்டிய சமநிலை போய், இரையில்லாத விரால் குளம் மிஞ்சும். கொடுவாவுக்கு இப்படிக் காற்றைச் சுவாசிக்கும் வழி கிடையாது, அதுவும் சேர்ந்து சாகும். விடியலில் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் அன்றைக்குத் தீவனம் கூடாது, காற்றூட்டியைப் போடுங்கள்.

தீவனத்தை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதையும் முன்கூட்டியே யோசியுங்கள். தீவனத்தை நம்பி அதிகம் விட்ட வேட்டைமீனைக் குளத்தின் இயற்கை இரை தாங்காது.

## வழி 4: பிடித்துக் குறைப்பது

செலவே இல்லாத வழி, எல்லோரும் தள்ளிப்போடும் வழி. ஆசையாக வளர்த்த மீனை எடுக்க மனம் வருவதில்லை. நான் பார்த்த மெலிந்த விரால் குளங்களில் பலவற்றுக்கு உண்மையான மருந்து இதுவாகத்தான் இருந்தது.

வேட்டைமீன் நெரிசல் என்றால், எண்ணிக்கையில் அதிகமாக நிற்கும் மெலிந்த நடுத்தர அளவை எடுங்கள். கொழுத்திருக்கும் பெரிய மீனை விட்டுவிடுங்கள். வாய் பெரிது என்பதால் மற்றவை விழுங்க முடியாத இரையை அதுதான் தின்கிறது. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: தூண்டிலில் பெரியது வந்தால் எடுத்துக்கொண்டு, சிறியதைத் "வளரட்டும்" என்று விட்டுவிடுகிறார்கள். அது வளர்வதில்லை. விரால் தன் குஞ்சுகளைப் பாதுகாக்கும் மீன். செந்நிறக் குஞ்சுக் கூட்டம் மேலே புரளும்போது கைவலையால் ஒரு பகுதியை அள்ளிவிட்டால் அடுத்த ஆண்டின் நெரிசலை இப்போதே தடுக்கலாம்.

இரைமீன் நெரிசல் என்றால் நடுத்தர, பெரிய இரைமீனை இழுவலையால் வாரி எடுக்க வேண்டும். தண்ணீர்ச் செடியையும் பாருங்கள். பரப்பில் 10 முதல் 20 விழுக்காடு செடி இருந்தால் குஞ்சுக்கு ஒதுங்க இடம் கிடைக்கும். பாதிக் குளம் செடியானால் வேட்டைமீனால் உள்ளே போய் வேட்டையாட முடியாது. மடையைத் திறந்து தண்ணீரைக் கொஞ்சம் இறக்கினால் இரைமீன் மறைவிலிருந்து வெளியே வரும், வேட்டைமீனே பாதி வேலையைச் செய்துவிடும். வெயில் உச்சமான நாட்களில் மட்டும் இதைச் செய்யாதீர்கள்.

## பெருகாத வேட்டைமீன்

கொடுவா நன்னீரில் நன்றாக வளரும், ஆனால் அது இனம்பெருக்க உப்புநீர் வேண்டும். உங்கள் குளத்தில் எத்தனை விட்டீர்களோ அதற்கு மேல் ஒருநாளும் கூடாது. சமநிலையின் ஒரு தட்டு இப்படி அசையாமல் நின்றுவிட்டால் மற்றதைப் பார்த்துக்கொள்வது எளிது. பிடித்த அளவுக்குப் புதுக்குஞ்சு வாங்க வேண்டியிருப்பதுதான் செலவு. சிறு வயதில் அளவு பிரிக்காவிட்டால் தன்னில் பாதிக்கு மேல் நீளமுள்ள உடன்பிறப்பையே விழுங்கும். முதல்முறை குளம் வைப்பவருக்கு, விரலி கிடைக்குமானால், நான் விராலைவிட இதையே சொல்வேன். விரால் ஈரமான மழை இரவில் கரையேறிப் போய்விடும் என்பதும் ஒரு காரணம், கரை சுற்றி வலைவேலி இல்லாமல் அதை வைக்க முடியாது.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| | பெருகும் இரைமீன் | வாங்கி விடுவது | தீவனம் | குறைப்பது |
|---|---|---|---|---|
| தொடக்கச் செலவு | குறைவு | நடுத்தரம் | நடுத்தரம் | வலை மட்டும் |
| தொடர் செலவு | மிகக் குறைவு | அதிகம் | அதிகம் | உழைப்பு |
| பலன் தெரிய | ஒரு பருவம் | சில வாரம் | சில வாரம் | இரண்டு மூன்று மாதம் |
| பெரிய ஆபத்து | இரைமீன் நெரிசல் | நோய் | ஆக்சிஜன் வீழ்ச்சி | தவறான அளவை எடுப்பது |
| பொருந்தும் குளம் | அரை ஏக்கருக்கு மேல் | சிறு குட்டை | பழக்கிய மீன் உள்ள குளம் | எல்லாக் குளமும் |

தொடக்கத்தில் சொன்ன இருவருக்கு வருகிறேன். மெலிந்த விரால்காரர் முதலில் நடுத்தர விராலை எடுக்கட்டும், பாதி அளவுக்குக்கூடத் தயங்க வேண்டாம். பிறகு முட்டையிடும் திலேப்பியா கொஞ்சம் விடட்டும். அந்தத் திலேப்பியா, குளத்தில் மிச்சமிருக்கும் விராலின் வாய்க்கு அடங்காத அளவில் இருக்க வேண்டும், இல்லையென்றால் முட்டையிடும் முன்னே போய்விடும். குட்டை சிறிதென்றால் தனி இரைக்குட்டை.

திலேப்பியா நிறைந்த குளத்துக்காரர் ஒன்றும் வாங்க வேண்டாம், தீவனம் போடுகிறார் என்றால் அதையும் நிறுத்தட்டும். இழுவலை போட்டு நடுத்தரத் திலேப்பியாவை எடுத்துவிட்டு, செடியைக் குறைத்துவிட்டு, அதன்பின் வேட்டைமீன் சேர்க்கட்டும். விரலி அளவில் சேர்த்தால் ஏற்கெனவே உள்ள பெரிய விராலுக்கு அதுவே இரையாகும், ஆகவே ஒரு சாண் நீளமாவது உள்ளதை விடட்டும்.

இருவருமே மூன்று மாதம் கழித்து, அதே கரையில், அதே இடங்களில், அதே வலையை மறுபடி இழுத்துப் பார்க்க வேண்டும். முதல்முறை வந்ததை ஒரு தாளில் எழுதி வைத்திருந்தால்தான் அப்போது ஒப்பிட முடியும்.